சிஸ்டம் என்று ஒரு ஆள்

கோவில்பட்டியில் நான் வேலை பார்த்த தீப்பெட்டி ஆலையின் ஆபீஸ், ஆலைக்கு எதிரே ரோட்டைத் தாண்டி இருந்தது. அங்கே நான்கு கம்ப்யூட்டர்கள். நான்குக்கும் நான்தான் பொறுப்பு. இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். நாகலாபுரம் பக்கத்து மானாவாரிக் காட்டு வீட்டிலிருந்து டிப்ளமோ முடித்து வந்து, கோவில்பட்டியில் சித்தி வீட்டில் தங்கியிருந்தேன். வாரம் ஒருமுறை கம்ப்யூட்டர்களின் மூடியைக் கழற்றித் தூசி ஊதுவது என் வேலைகளில் ஒன்று. காற்றுக் காலத்தில் உள்ளே கரிசல் மண் விதைக்கலாம் போலப் படிந்திருக்கும்.

அந்த வருஷம் ஒரு புழு வந்தது. இன்டர்நெட்டில் இணைத்தால் போதும், திரையில் ஒரு பெட்டி தோன்றி அறுபதிலிருந்து கீழே எண்ணிக்கொண்டே வந்து மெஷின் அணைந்துவிடும். வெளிநாட்டு ஆர்டருக்குப் பதில் அனுப்ப முடியாமல் முதலாளி இரண்டு நாள் தவித்துப்போனார். மதுரையிலிருந்து வந்த டீலர், ஃபயர்வால் என்று ஒன்று போட்டால் புழு வராது என்றார். முதலாளிக்கு அந்த வார்த்தை உடனே பிடித்துவிட்டது. மருந்து அறைக்கும் குச்சி அறைக்கும் நடுவில் தீ தாண்டாமல் இருக்கச் சுவர் கட்டியிருந்தோம். அதே மாதிரியா என்று கேட்டார். அதே மாதிரிதான் என்றேன். நான்கு மெஷினிலும் அதைப் போட்டேன். திரையின் வலது மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், ஒரு சின்ன நீலக் கேடயம் வந்து உட்கார்ந்தது.

அதோடு முதலாளி இன்னொன்றும் சொன்னார். யார் எதைத் திறக்கலாம், யார் எதைத் திறக்கக் கூடாது என்று கட்டுப்படுத்த வேண்டும். மெஷின்களை முழுதாக ஆளும் பாஸ்வேர்ட் எனக்கும் அவருக்கும் மட்டும். அவருடைய பிரதி ஒட்டிய கவரில் அவர் பீரோவுக்குள். மற்றவர்கள் எல்லாம் அதிகாரம் குறைத்த, கைகட்டிய யூசர் கணக்கில்தான் வேலை செய்ய வேண்டும். கடிகாரத்தின் நேரத்தைக்கூட அவர்கள் மாற்ற முடியாது. அதைச் செய்து முடித்த அன்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டர் மாதப் பத்திரிகை ஒன்றில் படித்து, ஒளித்து வைத்த ஃபோல்டர்களை யார் திறந்தாலும் பதிவாகும்படியும் செய்து வைத்தேன்.

ஒளித்து வைத்தவற்றில் முக்கியமானது லேபிள் ஃபோல்டர். கலர் பிரிண்டரும் ஸ்கேனரும் டைப்பிஸ்ட் அக்காவின் மெஷினில் இருந்ததால் அந்த ஃபோல்டரும் அதிலேயே இருந்தது. ஆனால் அக்காவால் அதைத் திறக்க முடியாது. அக்காவுக்கு நாற்பது வயது நெருங்கும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஹையர் முடித்தவர். புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். மத்தியானம் நானும் அவரும் ஒரே இலையில் குழம்பைப் பகிர்ந்து சாப்பிடுகிற அளவுக்கு ஒட்டுதல்.

அந்தச் சமயம் முதலாளி ஒரு புது லேபிள் கொண்டுவர இருந்தார். தையல்சிட்டு ஒன்று இரண்டு இலைகளைச் சேர்த்துத் தைக்கிற படம். ஓவியர் கையால் வரைந்து கொண்டுவந்ததை நான்தான் ஸ்கேன் செய்தேன். முதல் படத்தில் இலையில் மூன்று தையல் இருந்தது. முதலாளி பார்த்துவிட்டு ஐந்தாக்கச் சொன்னார். ஓவியர் புதிதாக வரைந்து அச்சகத்துக்குக் கொடுத்தார். மூன்று தையல் படத்தை முதலாளி தன் கையாலேயே கிழித்துப் போட்டார். கம்ப்யூட்டரில் இருந்த பிரதியை அழிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்.

எங்கள் பண்டல் கடைக்குப் போகும் முன்பே விஜயவாடா பக்கத்து ஏஜெண்ட் ஒரு தீப்பெட்டியைப் பார்சலில் அனுப்பினார். வேறு ஆலையின் பெட்டி. அதன்மேல் தையல்சிட்டு. இலைகளின் சாய்வு, வாலின் தூக்கல், எல்லாம் அதே. முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நகத்தால் எண்ணினார். மூன்று தையல்.

அச்சகத்திலிருந்து போயிருந்தால் ஐந்து தையல் இருந்திருக்கும். அது முதலாளிக்கும் புரிந்தது, எனக்கும் புரிந்தது. பக்கத்தில் நின்ற அவர் மருமகனுக்கும் புரிந்திருக்க வேண்டும். அவர் அப்போதுதான் ஆலை நிர்வாகத்தில் கால் வைத்திருந்தார். பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு தெறந்தான்னு அதுல தெரியும்னியே, பாரும்மா" என்றார் முதலாளி.

அக்காவை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்து பதிவைத் திறந்தேன். ஒரு மாதத்துக்கு முந்தைய ஒரு புதன்கிழமை, மத்தியானம், மூன்று தையல் படம் திறக்கப்பட்டிருந்தது. திறந்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என் பெயர் இல்லை. அக்காவின் பெயரும் இல்லை. சிஸ்டம் என்று இருந்தது.

முதலாளி என் தோளுக்கு மேலாகக் குனிந்து படித்தார். "சிஸ்டம்னா யாரும்மா? நம்ம ஆபீஸ்ல அப்படி ஒரு ஆள் இல்லையே."

மெஷின் தன் வேலைக்காகத் தானே வைத்திருக்கும் கணக்கு அது, நம் எல்லோரையும்விட அதற்கு அதிகாரம் அதிகம் என்று விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார். அப்படியானால் மெஷினே படத்தைத் திறந்து, மெஷினே கொண்டுபோய்க் கொடுத்ததா என்று கேட்டார். அந்தப் புதன்கிழமை நான் ஊரில் இருந்தேன், விதைப்புக்காக லீவு எடுத்திருந்தேன், வருகைப் பதிவேட்டைப் பாருங்கள் என்றேன். பதிவேடு வந்தது. லீவுதான். அப்போது மருமகன் முதல்முறையாக வாயைத் திறந்தார். மெஷினின் தேதியை மாற்ற இந்த ஆபீஸில் யாரால் முடியும் என்று கேட்டார். முதலாளியின் கவர் ஒட்டியபடியே இருக்கிறது, அதனால் என்னால் மட்டும்தான் முடியும் என்று நானே சொன்னேன். கரண்ட் போய் வந்தால் அந்த மெஷினின் கடிகாரம் பின்னால் ஓடிவிடும்; அதைத் திருத்தி வைப்பதும் நான்தான். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். லீவு நாளின் தேதி விழும்படி நானே மாற்றியிருக்கலாம் என்று அதற்கு அர்த்தம். அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.

மறுநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, பாஸ்வேர்டை மாற்றிக் கொடுக்கச் சொன்னார். அவர் முன்னால் நான் திரும்பி நிற்க, மருமகன் புதிதாக ஒன்றை அடித்தார். ஆலைக்குள் போகிறவர்களைத்தான் வாட்ச்மேன் சோதிப்பார். அந்த வாரத்திலிருந்து சாயங்காலம் ரோட்டைத் தாண்டி வந்து என் பையையும் திறந்து பார்த்தார். அவருக்கே கூச்சம், டிபன் பாக்ஸைத் தொடாமல் எட்டிப் பார்த்துவிட்டு "போம்மா" என்பார். சித்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அரிசி களைந்துகொண்டே கேட்டுவிட்டு, தலையைத் தூக்காமல், "நீ எடுக்கல்லியேட்டி?" என்றார். முதலாளி சந்தேகப்பட்டதைவிட அந்த ஒரு கேள்வி எனக்கு ரொம்ப நாள் வலித்தது.

நான் அக்காவைச் சந்தேகப்பட்டேன். வேறு யாரைச் சந்தேகப்பட முடியும்? மெஷின் அவருடையது, நாற்காலி அவருடையது. ஆனால் எப்படி என்று தெரியவில்லை. அவர் கணக்கிலிருந்து அந்த ஃபோல்டரைத் திறக்க நானே பலமுறை முயன்று பார்த்தேன். அனுமதி இல்லை என்றே வந்தது. ஒருவேளை என் விரல்களைப் பார்த்துப் பழைய பாஸ்வேர்டைக் கற்றிருப்பாரோ என்று நினைத்தேன். அப்படியானால் பதிவில் என் பெயர்தானே வந்திருக்கும்? அவர் எனக்குப் பின்னால் நின்ற சந்தர்ப்பங்களையெல்லாம் எண்ணிப் பார்த்தேன். மத்தியானம் குழம்பு ஊற்ற வந்தபோது, வயிறு சரியில்லை என்று இலையை மடித்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்காததும் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

என் மேஜைக்கு எதிரில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி ஒன்று. அதில் அக்காவின் திரை மங்கலாகத் தெரியும். வேலை செய்கிற பாவனையில் அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நாள் கடிதம், டைப், கடிதம். நாலாவது நாள் அவர் கை மவுஸை வலது மூலைக்குக் கொண்டுபோனது. கடிகாரத்துக்குத்தான் போகிறது என்று நினைத்தேன். ஆனால் திறந்தது நீலக் கேடயம். அவர் சட்டென்று மூடிவிட்டார், வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

அவருக்கு அந்தக் கேடயத்தில் என்ன வேலை? புழுவைத் தடுக்கிற சாமானில் டைப்பிஸ்டுக்கு என்ன இருக்கிறது?

மறுநாள் மத்தியானம் லாரி ஆபீஸிலிருந்து அழைப்பு வந்து அக்கா வெளியே போனார். மெஷின் அவர் கணக்கிலேயே திறந்திருந்தது. நான் போய் உட்கார்ந்து கேடயத்தைத் திறந்தேன். உள்ளே, வேறிடத்தில் சேமித்த தடை விதிகளை எடுத்துவர என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் எந்த ஃபைல் என்று கேட்டு ஒரு சின்ன ஜன்னல் விரிந்தது. அந்த ஜன்னலில் மெஷினின் எல்லா ஃபோல்டரும் வரிசையாக இருந்தன. லேபிள் ஃபோல்டரின் மேல் அமுக்கினேன். திறந்துகொண்டது. ஒரு மறுப்பும் இல்லை. படத்தின்மேல் மவுஸின் வலது பொத்தானைத் தட்டினால் அச்சடிக்கவா என்று கேட்டது.

விஷயம் அப்போதே விளங்கிவிட்டது. காவலுக்கு வந்த அந்த சாஃப்ட்வேர் மெஷின் எழும்போதே சிஸ்டத்தின் முழு அதிகாரத்தோடு எழுந்து நிற்கிறது. அதன் வழியாகத் திறக்கிற ஜன்னலுக்கும் அதே அதிகாரம் வந்துவிடுகிறது. அதை யார் அமுக்குகிறார்கள் என்று அது கேட்பதே இல்லை. வெளியிலிருந்து வருகிறவனுக்குச் சுவர். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குச் சாவி. நான் பெருமையாகப் போட்ட பூட்டுகளையெல்லாம் என் கையாலேயே நிறுவிய ஒன்று திறந்து வைத்திருக்கிறது. எங்கள் ஆபீஸில் மட்டும் இல்லை, அதைப் போட்ட எல்லா மெஷினிலும்.

சாயங்காலம் ஆபீஸுக்குப் பின்னால் குழாயடியில் அக்கா டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"அக்கா, அந்தக் கேடயத்துல போயி ஃபோல்டரைத் தெறக்கலாம்னு ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

அவர் தண்ணீரை நிறுத்தவில்லை. "ரொம்ப நாளா."

தேதி பார்க்கக் கடிகாரத்தை அமுக்கப் போய், கை தவறிக் கேடயத்தை அமுக்கிவிட்டாராம். சேமித்த கடிதம் ஒன்று காணாமல் போயிருந்தது. அங்கே இங்கே அமுக்கித் தேடியபோது எல்லா ஃபோல்டரும் திறந்ததாம். அது கூடாத வழி என்று முதலில் தெரியாது, தெரிந்த பிறகு என்னிடம் சொல்ல வாய் வரவில்லை என்றார். அந்தப் புதன்கிழமை முதலாளி மதுரைக்குப் போயிருந்தார். மருமகன் வந்து லேபிள் படம் ஒன்று அச்சடித்து வேண்டும் என்று கேட்டிருக்கிறார். தன்னால் திறக்க முடியாது என்று அக்கா முதலில் சொல்லிவிட்டு, அவர் முகம் மாறியதும் கேடயத்தின் வழியாகத் திறந்து கொடுத்திருக்கிறார்.

"மருமகப்பிள்ளை கேட்டா நான் மாட்டேன்னு சொல்ல முடியுமாட்டி? வீட்டு ஆளுதானேன்னு குடுத்தேன். அவிய அதை எங்கன கொண்டு போனாவன்னு எனக்குத் தெரியாது."

இதை முதலாளியிடம் சொல்லுங்கள் என்றேன். அவர் பாக்ஸைத் துணியால் துடைத்து மூடினார்.

"நீ போயிச் சொன்னா, என்னைக் கூப்பிட்டுக் கேப்பாவ. நான் இல்லேன்னுதான் சொல்லுவேன். இப்பமே சொல்லிட்டேன். ரெண்டு பிள்ளை வச்சிருக்கேன்."

அவர் சொன்னதை நம்புவதா என்றும் எனக்குத் தெரியவில்லை. மருமகனின் பேரைச் சொன்னால் நான் பயந்து வாயை மூடிக்கொள்வேன் என்று கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு நடந்த வழி முழுக்க அதையே புரட்டிக்கொண்டு போனேன். மழை பெய்திருந்தது. செருப்பில் கரிசல் ஒட்டி ஒட்டி, பலகை கட்டி நடப்பதுபோல் இருந்தது.

மறுநாள் காலையில் முதலாளியிடம் போய், சிஸ்டம் யார் என்று காட்டுகிறேன், வாருங்கள் என்றேன். மருமகனும் கூடவே வந்தார். அக்கா எழுந்து சுவரோரம் நின்றார். நான் அக்காவின் கணக்கிலேயே கேடயத்தைத் திறந்து, ஒவ்வொன்றாக அமுக்கி, லேபிள் ஃபோல்டரைத் திறந்து காட்டினேன். பிறகு மருமகனைப் பாஸ்வேர்ட் அடிக்கச் சொல்லிப் பதிவைத் திறந்தேன். இப்போது திறந்ததும் சிஸ்டம் என்றே பதிவாகியிருந்தது. யார் வேண்டுமானாலும் இதைச் செய்யலாம், பாஸ்வேர்ட் தேவையே இல்லை என்றேன். என் மேல் இருந்த பாரம் இறங்கிவிட்டதாகவே நினைத்தேன்.

முதலாளி திரையை விட்டுக் கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

"இந்த வழி ஒனக்கு எப்பம்மா தெரியும்?"

"நேத்துத்தான் அண்ணாச்சி."

"நேத்துத்தான்னு நான் எப்படி நம்புறது?"

பூட்டியவளே மாற்றுச்சாவியைக் காட்டினால், எத்தனை நாளாகக் கையில் வைத்திருந்தாய் என்றுதானே யாரும் கேட்பார்கள். மருமகன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்வையில் பயம் இருந்ததாக அன்று எனக்குப் பட்டது. இப்போது யோசித்தால் அது நானாகச் சேர்த்துக்கொண்டதோ என்னவோ.

எனக்கு முன்பே தெரிந்திருந்தால் நானே கொண்டுவந்து காட்டுவேனா என்று கேட்டேன். மாட்டிக்கொண்ட பிறகு காட்டலாம் என்று மருமகன் மெதுவாகச் சொன்னார். அப்போது நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அந்தப் புதன்கிழமை படத்தைக் கேட்டது யார் என்று அக்காவிடம் கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

முதலாளி அவர் பக்கம் திரும்பினார்.

"எனக்கு லெட்டர் அடிக்கத்தான் தெரியும் அண்ணாச்சி" என்றார் அக்கா. "இந்தப் பிள்ளை சொல்லுததெல்லாம் எனக்கு வெளங்காது."

குரல் நடுங்கவே இல்லை. முன்கூட்டியே என்னிடம் சொன்ன வார்த்தையைத்தான் காப்பாற்றினார். அந்த வாரக் கடைசியில் நானே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். போகாதே என்று யாரும் சொல்லவில்லை.

வேலை இல்லாத நாட்களில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து, அந்த சாஃப்ட்வேர் கம்பெனிக்கு எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஒரு மெயில் எழுதினேன். எதை அமுக்கினால் என்ன திறக்கிறது என்று வரிசையாக. பெயரோ ஊரோ போடவில்லை. அந்த ஓட்டையை அடைக்கும்வரை யாரும் தெரிந்துகொள்ளக் கூடாது என்று நினைத்து, சென்டரில் பக்கத்தில் உட்கார்ந்தவர் திரையைப் பார்க்கிறாரா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே அடித்தேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. நன்றி, சரி செய்கிறோம், அதுவரை வெளியில் சொல்ல வேண்டாம், நீங்கள் எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்று கேட்டிருந்தார்கள். அந்தக் கடைசிக் கேள்வி என்னை உறுத்தியது. எதற்கு என் நிறுவனம்? பழி போட ஆள் தேடுகிறார்களோ? நான் பதில் போடவே இல்லை. சில மாதம் கழித்துப் புதிய பதிப்பு வந்தது. மாற்றங்களின் பட்டியலில், மெஷினின் முன் இருக்கும் பயனருக்கு அளவுமீறிய அதிகாரம் தரும் ஒரு குறை நீக்கப்பட்டது என்று ஒரே ஒரு வரி. அதைப் பலமுறை படித்தேன். நான் பொய் சொல்லவில்லை என்று உலகத்தில் எழுதிக் கொடுத்தது அந்த ஒரு வரிதான். அதை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது?

அதற்கு முன்பே, நான் விலகி இரண்டு மாதம் இருக்கும், ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா சித்தி வீட்டுக்கு வந்தார். சித்தி உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். நான் எழுந்திருக்கவில்லை.

முதலாளியிடம் சொல்லிவிட்டேன் என்றார் அக்கா. ஒருநாள் தனியாக இருந்தபோது, கேட்காமலேயே, கேடயம், புதன்கிழமை, மருமகன், எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். முதலாளி கடைசிவரை கேட்டுவிட்டு, சரி, நீ போய் வேலையைப் பாரு என்று மட்டும் சொன்னாராம். அடுத்த வாரம் மருமகனைக் குடியாத்தம் குடோனைப் பார்த்துக்கொள்ள அனுப்பிவிட்டார். நான்கு மெஷினிலிருந்தும் கேடயத்தை எடுத்துவிட்டார்கள். தையல்சிட்டு லேபிள் வெளியே வரவே இல்லை.

"அப்ப ஏங்க்கா அன்னைக்கு இல்லேன்னீங்க?"

"அன்னைக்கு மருமகப்பிள்ளை எதிர்லேயே நின்னாவல்லா."

பையிலிருந்து ஒரு கவரை எடுத்துக் கொடுத்தார். ஆலையின் லெட்டர்ஹெட்டில் எனக்கு ஓர் அனுபவச் சான்று. என் வேலையைப் பற்றி நாலு வரி. கடைசியில், இவர் மிகுந்த நம்பிக்கைக்குரியவர் என்று இருந்தது. கீழே முதலாளியின் கையெழுத்து.

படித்துவிட்டு நிமிர்ந்தேன். "இந்தக் கடைசி வரி அவிய சொன்னதா, நீங்களா அடிச்சதா?"

அக்கா சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டார். "கையெழுத்து அவிய போட்டதுதான்."

சித்தி காபி கொண்டுவந்தார். மூன்று பேரும் குடித்தோம். அக்காவின் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பற்றிப் பேசினோம். வாசல்வரை போய் வழியனுப்பினேன். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. முதலாளியை ஒரு கல்யாணத்தில் தூரத்தில் பார்த்தேன். அவரும் பார்த்தார்; இருவரும் தலையசைத்ததோடு சரி.

அந்தச் சான்றை வைத்துத்தான் தூத்துக்குடியில், ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை கிடைத்தது. சேர்ந்த அன்று மேனேஜர் ஒட்டிய கவர் ஒன்றை நீட்டி, பாஸ்வேர்ட் இதில் இருக்கிறது, உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தால் போதும் என்றார். நான் கவரை வாங்கவில்லை. இன்னும் ஒருவரைக் கூப்பிடுங்கள், அவர் எதிரில் கொடுங்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வந்த முதல் நாளே இவள் மேல் ஒரு கண் வைக்க வேண்டும் என்று நினைத்திருப்பார். நினைத்துக்கொள்ளட்டும் என்று நின்றேன்.